வல்லை வெளியில் இறங்கி நடந்தது

1994 யூன் 3, வெள்ளி
வெயில். நாள் முழுக்கத் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. கொடியில் போட்ட துணி பாதி மதிலுக்கு அப்பால்.
ஞாயிறு வல்லிபுரக் கோயில் என்று முடிவு. கொக்குவிலிலிருந்து இருபது மைலுக்கு மேல். பெற்றோல் இல்லாமல் கார் கல்லில் நிற்கிறது. இதுவரை தூரப் பயணமென்றால் இவருடைய சைக்கிளின் பின் கரியலில்தான் நான். இம்முறை, பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் என் சைக்கிளில்.
"இடையிலை களைச்சு என்ரை கரியலிலை ஏறினால்?" என்றார் இவர்.
"மணற்காட்டுக் கதையை இனி எடுக்கமாட்டன்."
"ஏறாட்டி?"
"மணற்காடு, ரெண்டு நாள். ராவுக்கு நெல்லியடியிலை என்ரை சிநேகிதி வீட்டிலை."
"ஓம், பாப்பம்."
மணற்காட்டின் மணற்குன்றுகளைப் பார்க்கக் கலியாணம் முடித்த நாளிலிருந்து கேட்கிறேன்.
பயமில்லை. மின்சாரம் இல்லாததால் தினமும் மாலை விறாந்தையில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ சுற்ற மிதிப்பது நான். வானொலிச் செய்தி கேட்பது இவர். கால் நன்றாகப் பழகியிருக்கிறது.

யூன் 4, சனி
கொண்டுபோக: புளிச்சோறு, தண்ணீர்ப் போத்தல் 2, பம்ப், ரியூப் ஒட்டும் சாமான். கற்பூரம் (கடையில் இல்லை, பக்கத்து வீட்டில் கேட்க).

யூன் 5, ஞாயிறு
கோயில் வீதி, மர நிழல். மூன்று மணித்தியாலத்தில் வந்தாயிற்று! வழியில் வரும் வல்லை வெளியில் மிதித்த நினைவே இல்லை. என் கால்களை நினைக்க எனக்கே பெருமை. இவர் ஏனோ சிரித்துக்கொண்டே வந்தார்.

யூன் 6, திங்கள்
தொடை நோ. கதிரையில் இருந்தபடியே பாடம்.
நேற்றுத் திரும்பும்போதுதான் விளங்கியது. போகும்போது என்னைத் தள்ளியது முதுகுப்பக்கச் சோளகம். இப்போது அதே காற்று முகத்தில். வல்லை வெளியில் மறைப்புக்கு ஒரு மரமில்லை. விறாந்தையில் காற்று அடிப்பதில்லை.
இவர் கரியலைத் தட்டினார். "ஏறுமன். உம்மடை சைக்கிளை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு வாறன். ஒருத்தரும் பாக்கேல்லை."
எதிரே வெறும் மீன்பெட்டியோடு சைக்கிளில் பறந்து வந்தவர் கத்தினார்: "அக்கா, சோளகத்தோடை சண்டை பிடியாதேங்கோ! இறங்கி நடவுங்கோ!"
இறங்கினேன். கரியலில் ஏறவில்லை, நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் இவரும் இறங்கினார்.
"எனக்காகவோ, காத்துக்காகவோ?"
"கதையாமல் வாரும். வாய்க்குள்ளை மண் போகுது."
நடந்ததையும் தோல்வி என்பாரோ என்று இன்று முழுக்க யோசனை. மாலை செய்தி நேரம். சைக்கிளில் ஏறப் போனேன். என்னை விலக்கிவிட்டுத் தானே ஏறி மிதித்தார். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினார்.
"மணற்காட்டுக்குத் தையிலை போவம். அப்ப வாடைக்காத்து. திரும்பி வரேக்கை முதுகுப்பக்கம்."
வானொலி நின்றுபோயிருந்தது. இருவருமே கவனிக்கவில்லை.
பொங்கல் முடிந்து எத்தனையாம் நாள்? நாளை கேட்க.