தன் ஆளைப் புகழக் கூடாது

அண்ணை,

உங்கள் டிவி ரிமோட் இப்போது என்னிடம் இருக்கிறது. வாங்கிய அன்று நீங்கள் சுற்றிய பொலித்தீன் உறைகூடக் கழலவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி கையில் தந்தா. என் டிவிக்கு அது வேலை செய்யாது. ஆனாலும் ஆட்டம் உள்ள நாட்களில் எடுத்து வைக்கிறேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் உங்கள் வீட்டுச் சோபாவில் மூன்று பேர் இருக்கலாம். திரையில் நாங்கள் விடாமல் பார்க்கும் கூடைப்பந்து அணியின் மூன்று சூரர்கள். தனியொருவனாகவே ஆட்டத்தை வென்று தரக்கூடிய மூவர், பருவம் பருவமாக ஒரே அணியில் சேர்ந்து ஆடியதை நீங்கள் அதிசயமாகப் பார்த்தீர்கள். நானும்தான். நம் தமிழ்ச் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல்வரை சேர்ந்திருந்ததை நான் கண்டதில்லை.

ஆளுக்கொருவரைத் தெரிவு செய்தோம். தூரத்திலிருந்து எறிபவன் எனக்கு. கூடைக்கடியில் மலைபோல நிற்பவன், லவாலிலிருந்து வரும் பாஸ்கரனுக்கு. அந்த இருவருக்கும் பந்தைக் கொடுத்துவிட்டு, மிச்சம் கிடைப்பதைப் போடுபவன் உங்களுக்கு. பிறகு சட்டம் போட்டீர்கள்: "தன்ரை ஆளை ஆரும் புகழக் கூடாது. மற்றவையின்ரை ஆளைத்தான் புகழலாம்." மேடை கிடைத்தால் தங்களைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசும் எங்கள் இருவருக்கும் இதைவிடக் கடுமையான தண்டனை கனடாவில் இல்லை.

பொங்கல் விழாவில் யார் முதலில் பேசுவது என்று நானும் பாஸ்கரனும் மோதிக்கொண்டு ஒருவரோடொருவர் கதைப்பதை விட்டபோது, நீங்கள் சமாதானம் பேச வரவில்லை. வழமைபோல இருவரையும் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டு, நடுவில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். இரண்டு ஆட்டம் ஊமையாகப் போனது. மூன்றாவதில் என் ஆள் பாதிக் களத்திலிருந்து எறிந்த பந்து நேரே கூடைக்குள் விழுந்தது. எனக்கு வாய் துடித்தது, சட்டம் தடுத்தது. புகழ உரிமையுள்ள நீங்களோ பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் பாஸ்கரன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "அவரின்ரை ஆள் பிழையில்லை."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? அவர் பக்கத்திலைதானே இருக்கிறார்," என்றீர்கள்.

உங்கள் செத்தவீட்டில் இரங்கலுரையை யார் தொடங்குவது என்ற கேள்வி வந்தபோது, நாங்கள் இருவரும் பின்வாங்கினோம். சங்கம் திகைத்துப்போனது. அதன்பின் ஒரு மாதம் அவன் எனக்குப் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நடுவில் ஆளில்லாமல் இது இத்தோடு முடிந்தது என்றுதான் பயந்தேன்.

நேற்று ஆட்டம் தொடங்க முன் மெட்ரோவில் வந்து இறங்கினான். கேளாமலே என் சோபாவின் ஓர் ஓரத்தில் இருந்தான். மற்ற ஓரத்தில் நான். நடுவில் ரிமோட். அந்த மூவரும் இன்னும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். உங்கள் ஆள், தானே போட்டிருக்கக்கூடிய பந்தை என் ஆளிடம் கொடுத்தான், கொடுத்ததே தெரியவில்லை. அரங்கம் என் ஆளுக்குக் கைதட்டியது.

"அண்ணையின்ரை ஆள் இல்லாட்டி இவையள் ரெண்டு பேரும் ஒண்டுமில்லை," என்றான் பாஸ்கரன்.

"ஓம்," என்றேன்.

இத்தனை வருடத்தில் நீங்கள் ஒருமுறைகூட உங்கள் ஆளைப் புகழ்ந்ததில்லை. நீங்கள் போட்ட சட்டம் உங்களையும் கட்டியிருந்தது. உங்கள் ஆள் விஷயத்தில் எங்களைக் கட்டவில்லை. ஆட்டம் முடிந்து மெட்ரோவுக்கு நடந்த வழியெல்லாம் நாங்கள் இருவரும் அவனையே புகழ்ந்துகொண்டு போனோம்.