கதவுக்கு வைத்திருந்த கல்

அன்பு மகளுக்கு,

உன் வகுப்புப் பிள்ளைகளைப் பெரம்பலூரிலிருந்து நம் ஓடைக்கு அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். வெயில் கடுமையாக இருக்கிறது. பஸ் உள்ளே வராது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. தள்ளிப்போடேன்.

நேற்று இதுவரை எழுதி நிறுத்திவிட்டேன். உண்மை வேறு. இங்கே கடல் இருந்த காலத்தில் கல்லாகிப் போன நத்தைகளில் ஒன்றுகூட இப்போது ஓடையில் இல்லை. சிறுவயதில் நீ மடி நிறையப் பொறுக்கி, விளையாடிவிட்டு அங்கேயே கொட்டிவிட்டு வருவாய். அந்த இடமும் வெறும் மண்.

பார்க்க வந்தவர்கள் அள்ளிப் போய்விட்டார்கள் என்கிறார்கள் ஊரில். அள்ளிக் கொடுத்தது நான்தான். வழிகாட்டக் கூடவே போவேன். அவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. "ஒன்னுதானே, எடுத்துக்கங்க சார். நம்ம ஊரு நெனப்பா இருக்கட்டும்" என்பேன். இருபது வருடம் அப்படித்தான் சொன்னேன்.

நம் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பெரிய நத்தைக்கல்லை இன்று காலை ஓடையில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகளை அழைத்து வா. அவர்களே கண்டுபிடிக்கட்டும். தொட்டுப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்.

நான் உங்களோடு ஓடைக்கு வரவில்லை. ஒரு பிள்ளை ஆசையாகப் பார்த்தால், எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுவேன்.

உன் அப்பா