செந்தூரம் ஊறிய பியர்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். தென்னைக்கு மோட்டார் போட்டேன். சோப்பை மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. காப்பிப்பொடி, அதுவும் இல்லை. மழைக்காலக் காய்ச்சலோடு போன வாசனை இன்னும் வரவில்லை. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும். பாலக்காட்டு டாக்டர்: வரலாம், வராமலும் போகலாம்.

மாலை சரவணன் போன். பெங்களூர் பியர் ஆலையில் என்னோடு வேலை பார்ப்பவன். "மாம்பழ பியரைத் தெறந்தாச்சுடா. இருந்ததே ஒரு பீப்பாய். உனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வெச்சிருக்கேன், புதங்கெழம வர்றேன்."

முதலமடைச் செந்தூர மாம்பழத்தை நானே கூழாக்கி, மரப்பீப்பாயில் ஊறவிட்ட புளிப்பு பியர். இத்தனை வருட வேலையில் அது ஒன்றுதான் முழுக்க என்னுடையது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித்தான் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். உண்மை தெரிந்தவள் என் மனைவி செல்வி மட்டும்.

மார்ச் 11, புதன்

சரவணன் ஐஸ் பெட்டியோடு வந்தான். தென்னை நிழலில் நாற்காலிகள். அப்பா, செல்வி, நாங்கள் இருவர். அப்பாவுக்குத் தேறிவிட்டது என்று போனிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

நிறம் நன்றாக வந்திருந்தது. கலங்கிய மஞ்சள், மெல்லிய நுரை. பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். வெறும் குளிர். வாயில் புளிப்பு, குமிழ் குத்தல். பழம் எங்கேயும் இல்லை.

அப்பா ஒரு வாய் குடித்தார். "புளிச்ச தண்ணிதான். ஆனா முழுங்குனதுக்கப்பறம் பழம் வருது பாரு. செந்தூரமேதான்."

வருகிறதாம். அப்பாமேல் பொறாமை.

"எப்படிடா?" என்றான் சரவணன். பழைய வார்த்தைகளையே அவிழ்த்துவிட்டேன். நல்ல பழம், பின்னால் மரம், கடைசியில் கொஞ்சம் தேன். அவனுக்குச் சந்தோஷம். "மொதலாளி சொல்லிட்டாருடா. இனி ருசி பாக்கற பொறுப்பு முழுக்க உனக்குத்தான்."

இரண்டாவது பாட்டில். அதே புளிப்பு. "இது இன்னும் நல்லாருக்கு. பழம் தூக்கலா இருக்கு" என்றேன்.

அப்பா துப்பினார். செல்வி தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள்.

"டேய், மூடி சரியா நிக்கல போல" என்றான் சரவணன், மெதுவாக. "கெட்டுப்போச்சு. நெயில் பாலிஷ் நாத்தம் அடிக்குது."

செல்விதான் சொன்னாள். "அவருக்கு வாசனையே தெரியறதில்லீங்ண்ணா. காய்ச்சலுக்கப்பறம்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தென்னை உச்சியைப் பார்த்தார்.

மார்ச் 12, வியாழன்

சரவணனைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "செரியாயிரும்" என்றான். சரியாகுமா என்று நான் கேட்கவேயில்லை.

முதல் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம். செல்வியிடம் கொடுத்தேன். அவள் இதுவரை தொட்டதில்லை.

"எப்படி இருக்குன்னு நெசமா சொல்லு."

கண்ணை மூடிக் குடித்தாள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்று அழுதாள்.

மார்ச் 15, ஞாயிறு

புழுக்கம். தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை. சரவணன் போன். பொறுப்பு வேறு ஒருவருக்குப் போகிறது. "நீ வாடா. லோடு ஏத்தறது, கணக்கு, ஏதாச்சும் பாத்துக்கலாம்." பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் பாலைக் காய வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். மாடு கட்டும் கட்டுத்தாரையிலிருந்து செல்வி ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள்.

"கட்டுத்தாரை வரைக்கும் கருகுற வாசம் வருதுங்க. நீங்க எங்க போயிருந்தீங்க?"

அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.