ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி

மனோர் பார்க்,
8 பெப்ரவரி 2026

அன்புள்ள மகள் ஹம்சினிக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போகிறவை:
1. டெலிபோன் இருக்கக் கடிதம் ஏன்
2. ஓகஸ்ட் 12ஆம் திகதி வானத்தில் நடக்கப்போவது
3. அதைப் பார்க்கப் போகும் வழி
4. போகாமல் விடுவதற்கான காரணங்கள்
5. ஒரு வேண்டுகோள்

முதலாவது. டெலிபோனைக் காதில் வைத்தால் காதுக் கருவி கூவுகிறது. நீ கேட்டதற்கு நான் பதில் யோசித்து முடிப்பதற்குள் "சரி அப்பா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். குறை சொல்லவில்லை. காகிதம் எனக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது. அன்று சூரிய கிரகணம். லண்டனில் தொண்ணூற்றொரு வீதம் மறையும். கிட்டத்தட்ட முழுவதும்தானே என்று நினைப்பாய். மீதி ஒன்பது வீதம் பகலைப் பகலாகவே வைத்திருக்கும். முழு மறைவு ஸ்பெயினின் வடக்கே தெரியும். பூர்கோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி. பதினெட்டு வருடம் கரும்பலகையில் அதை வரைந்து படிப்பித்தேன், ஒரு தரமும் பார்த்ததில்லை. 1999இல் இங்கிலாந்திலேயே, கோர்ன்வோலில் தெரிந்தது. அன்று எனக்குப் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட்.

மூன்றாவது. படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். போர்ட்ஸ்மவுத்தில் வானோடு கப்பலில் ஏறினால் மறுநாள் மாலை ஸ்பெயினின் சந்தாந்தேர் துறைமுகம். அங்கிருந்து பூர்கோஸ் மூன்று மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டம். ஓட்டுவது நீ. வானின் அளவுக்கு ஹோல் தரையில் டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒரு பின்னேரம் முழுவதும் அதற்குள்ளேயே இருந்தேன். இரண்டு பேர் இருக்கலாம். ஒருவர் தேநீர் போடும்போது மற்றவர் படுக்கையில் ஏறி இருக்கவேண்டும்.

நான்காவது. மேகம் வரலாம். நான் இரவில் மூன்று தரம் எழும்புகிறவன். உன்னுடைய வேலை. இன்னொன்றும் உண்டு, அதை எழுதலாமோ தெரியவில்லை. அம்மா போன பிறகு நீ மாதத்தில் முதல் சனிக்கிழமை வருகிறாய், சாப்பாட்டுப் பெட்டிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்குகிறாய், இருபது நிமிடத்தில் போகிறாய். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட இருவர் ஒரு கிழமை முழுவதும் ஒரு வானுக்குள் என்ன செய்வது?

ஐந்தாவது. வருவாயா? வராவிட்டால் காரணம் எழுதத் தேவையில்லை.

அன்புடன்,
அப்பா
(த. கிருஷ்ணராசா)


டூட்டிங்,
15.2.26

அன்பான அப்பா,

வாறன். அதை முதலே எழுதிட்டன், மிச்சத்தை நீங்கள் பயந்து பயந்து வாசிக்கக்கூடாது எண்டு.

எனக்கு உங்களை மாதிரி எழுத வராது, கதைக்கிற மாதிரித்தான் வரும். அம்மா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இவ்வளவுக்குத்தான் உதவியிருக்கு.

ஹோலில டேப் ஒட்டின கதையைப் பிரவினுக்குச் சொல்லிச் சிரிச்சன். "ரெண்டு பேருக்குத்தான் இடமெண்டால் மாமா என்னை வரவேண்டாம் எண்டுறார்" எண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார். பாவம், கேட்டாலும் அவருக்கு ஓகஸ்டில லீவு இல்லை. ரெயின் ஓட ஆக்கள் காணாதாம்.

வான் ஓடுறது ஒரு விசயமே இல்லை அப்பா. ஒவ்வொரு நாளும் பதினேழு வயசுப் பிள்ளையளுக்கு ட்ரைவிங் பழக்கிறன், ஒவ்வொண்டும் என்னைக் கொல்லப் பாக்குது. ஸ்பெயின்காரர் அதைவிடவா?

கதைக்க ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்கிறீங்கள். எனக்குக் கேக்க நிறைய இருக்கு. நான் வாய் திறந்தவுடன நீங்கள் எழும்பித் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிடுவீங்கள். வானுக்குள்ள எங்க போவீங்கள்?

பாட்டு நான்தான் போடுவன். இப்பவே சொல்லிட்டன்.

ஹம்சி


மனோர் பார்க்,
26 ஏப்ரல் 2026

அன்புள்ள மகளுக்கு,

கப்பலுக்கும் வானுக்கும் பதிவுசெய்தாகிவிட்டது. ஓகஸ்ட் 9, ஞாயிறு, புறப்பாடு. கிரகணம் பார்க்கும் கண்ணாடி இரண்டு சோடி வாங்கினேன். ஒன்று கீறுபட்டால் என்ன செய்வது என்று நினைத்து இன்னும் இரண்டு வாங்கினேன்.

கொண்டுபோகும் பொருட்களின் பட்டியல் இதனுடன் இருக்கிறது. நாற்பத்து மூன்று இருக்கின்றன. அடுத்த தெருச் சூசைதாசன் அதை வாசித்துவிட்டு, "மாஸ்டர், நீங்கள் லிஸ்ட் எழுதி முடிக்கச் சூரியன் மறைஞ்சு திரும்பவும் வந்திடும்" என்றார். அவருக்கு எல்லாம் பகிடி.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்கப்போவதை முன்கூட்டியே எழுதி அனுப்பினால் பதில்களை ஆயத்தம் செய்து வைப்பேன். இது பகிடி அல்ல.

டேப்பை இன்னும் கழற்றவில்லை. காலையில் அதற்குள் நின்றுதான் பத்திரிகை வாசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


டூட்டிங்,
7.6.26

அப்பா,

இதை உங்களுக்கு நேர சொல்ல வெளிக்கிட்டு, போன கிழமை உங்கட வாசலில வந்து நிண்டிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை வச்சிட்டு வந்திட்டன். நானும் உங்கட மகள்தானே.

எனக்குப் பிள்ளை வரப்போகுது. பதின்மூண்டு கிழமை.

முந்தி ரெண்டு தரம் வயித்தில வந்து நிக்கேல்லை. உங்களுக்குச் சொல்லேல்லை. ரெண்டாவது தரம் அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்த நேரம். அவவுக்கு மட்டும் தெரியும்.

இந்த முறை எல்லாம் நல்லா இருக்கெண்டு சொல்லுகினம். ஓகஸ்டில இருபத்திரண்டு கிழமை ஆகும். கப்பலும் வானும் பிரச்சினை இல்லையாம், மிட்வைஃபிட்டக் கேட்டிட்டன். உங்களுக்காகக் கேட்டன், கட்டாயம் கேப்பீங்கள் எண்டு தெரியும்.

இனி வானில மூண்டு பேர். டேப்பை மாத்தி ஒட்டுங்கோ.

ஹம்சி


மனோர் பார்க்,
11 ஜூன் 2026

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோசம். கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்வித்தேன்.

பயணத்தை யோசித்துப் பார்த்தேன். போகாமல் விடுவது நல்லது என்று படுகிறது. காரணங்கள்: (1) பூர்கோஸில் அந்த மாதத்திலும் மேகம் வருவதுண்டு. (2) கப்பல் போகும் பிஸ்கே குடாவில் கடல் குழப்பமாக இருக்கும். (3) வானில் குலுக்கம் அதிகம். (4) சூரியன் அந்நேரம் அடிவானத்துக்குக் கிட்ட நிற்கும், ஒரு மலை இருந்தாலும் மறைத்துவிடும். (5) அங்கே முப்பத்தைந்து பாகை வெயில்.

பதிவுகளை நானே ரத்துச் செய்கிறேன். நீ அலைய வேண்டாம். ஓய்வாக இரு.

அன்புடன்,
அப்பா


டூட்டிங்,
16.6.26

அப்பா,

ஓடுறது நான் எண்டபடியால் வானும் கப்பலும் என்ர பேரிலதான் புக் பண்ணியிருக்கு. நீங்கள் ரத்துச் செய்ய ஏலாது.

மேகம் பெப்ரவரியிலயும் இருந்தது. மலை ஏப்ரலிலயும் இருந்தது. ஜூன் ஏழாம் திகதிக்குப் பிறகு என்ன மாறினது? நான் மட்டும்தான்.

அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. கிரகணமோ? வயித்தில பிள்ளையோட இருக்கிறவை கிரகணம் பாக்கக்கூடாது எண்டு சனம் சொல்லுறதோ? நீங்களோ அப்பா? அம்மா கிரகணத்தண்டு யன்னல் சீலையை இழுத்து விட்டிட்டு இருக்க, நீங்கள் அடுத்த அறையில சயன்ஸ் புத்தகம் வாசிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். எனக்கு நிழலின்ர படம் கீறிக் காட்டினது ஆர்?

ஐஞ்சு காரணம் வேண்டாம். ஒண்டு எழுதுங்கோ.

ஹம்சினி


மனோர் பார்க்,
28 ஜூன் 2026

அன்புள்ள மகளுக்கு,

நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். ஒன்று எழுதச் சொன்னாய்.

1980 பெப்ரவரி 16. ஊரில் முக்காலுக்கு மேல் மறைத்த கிரகணம். சனிக்கிழமை என்றாலும் மாணவர்களைப் பள்ளி மைதானத்துக்கு வரச்சொன்னேன். பெற்றோரும் வந்தார்கள். அம்மா அப்போது நான்கு மாதம். கர்ப்பிணி வெளியே வரக்கூடாது, கத்தி எடுத்து எதையும் வெட்டக்கூடாது, வெட்டினால் பிள்ளையின் உதடு பிளக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அது பொய் என்று காட்ட நினைத்தேன். நூறு பேருக்கு முன்னால் அம்மாவை வெயிலில் கதிரையில் இருத்தி, கையில் கத்தி கொடுத்து, தோடம்பழம் வெட்டச் சொன்னேன். "வேண்டாமே" என்று ஒரே ஒரு தரம் சொன்னா. பிறகு வெட்டினா. பதினாறு பழம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஜூலை 30ஆம் திகதி உன் அண்ணன் பிறந்தான். உதடும் மேலண்ணமும் பிளந்திருந்தன. பாலை இழுக்க முடியவில்லை. பத்தொன்பது நாள்.

அண்ணன் ஒருவன் பிறந்து இறந்தான் என்று உனக்குத் தெரியும். எப்படி என்று நான் சொன்னதில்லை.

உதடு பொருந்துவது முதல் மூன்று மாதத்துக்குள். அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே அது முடிந்துபோன விடயம். நூலகத்தில் மூன்று புத்தகங்களில் பார்த்தேன், மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு வருடம் அம்மா உயிரோடு இருந்தா. ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஒரு தோடம்பழமும் வெட்டித் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு உன் பிள்ளைக்காகப் பயம். அறிவுக்குப் பொருந்தாத பயம் என்று தெரியும். தெரிந்தும் அது போகவில்லை. நான் வரமாட்டேன். நீயும் போகாதே.

அப்பா


டூட்டிங்,
5.7.26

அப்பா,

வாசிச்சன். பிரவினுக்கும் வாசிச்சுக் காட்டினன். அழுதன்.

அம்மா குற்றம் சொல்லேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். நீங்கள் கேட்டீங்களோ? என்ர ரெண்டாவது பிள்ளை நிக்காமப் போன நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்துகொண்டு அம்மா எனக்குச் சொன்னவ. தோடம்பழக் கதையும் சொன்னவ. உங்கட வாயால வரட்டும் எண்டுதான் போன கடிதத்தில தெரியாத மாதிரிக் கேட்டன். அது அவவுக்குப் பெரிசா இருக்கேல்லை. "அந்தாளுக்கு அண்டைக்கு என்னில எவ்வளவு பெருமை" எண்டு சிரிச்சவ. அவவுக்கு நொந்தது வேற. பிள்ளையை அடக்கம் பண்ணிப்போட்டு வந்த நாளிலயிருந்து நீங்கள் அவன்ர பேரைச் சொல்லவே இல்லையாம். ஒரு நாள் எண்டாலும் சொல்லுவார், தானும் அழலாம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவவாம். நாற்பத்து நாலு வருசமா.

"எனக்கு மாதிரி விட்டிடாத, பிரவினோட கதை" எண்டு சொன்னவ. அதனாலதான் நான் இண்டைக்கு ஒழுங்கா இருக்கிறன்.

நான் போறன் அப்பா. பிள்ளையோட போறன். நீங்கள் வராட்டித் தனியப் போவன். ஆனா உங்களோட போகத்தான் எனக்கு விருப்பம். இத்தனை நாள் ஒரு வானுக்குள்ள இருந்து அண்ணாவைப் பற்றிக் கதைக்க விருப்பம்.

ஓகஸ்ட் 9, காலமை ஒன்பது மணி. வாசல்ல நிப்பன். வேற ஒண்டும் எழுத வேண்டாம். கதவைத் திறந்தால் போதும்.

ஹம்சி


மனோர் பார்க்,
12 ஓகஸ்ட் 2026

அன்புள்ள மகள் ஹம்சினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ மணி அடித்தபோது நான் வீட்டில் இருந்தேன். உடுப்புப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். நீ மூன்று தரம் அடித்தாய். பிறகு குனிந்து, தபால் போடும் துவாரத்தால், "அப்பா, உங்கட சப்பாத்துத் தெரியுது" என்றாய். நான் அசையவில்லை. "திறவுங்கோ அப்பா, கப்பல் போயிடும்" என்றாய். பதினொரு நிமிடம் நின்றாய். கடைசியில் "சரி, போறன்" என்றாய். "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை.

வானின் சத்தம் தெருமுனையில் திரும்பிய பிறகுதான் கதவைத் திறந்தேன்.

திங்கட்கிழமை பிரவின் எடுத்தார். "மாமா, அவ கரைக்குப் போய்ச் சேந்திட்டா. உங்களுக்குச் சொல்லச் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன்" என்றார். நல்ல பிள்ளை.

இன்று மத்தியானத்திலிருந்து நான் சாப்பிடவில்லை. யன்னல் சீலைகளை இழுத்துவிட்டேன். கோயிலில் தர்ப்பைப் புல் வாங்கி வந்து சோற்றுச் சட்டியின் மேல் வைத்தேன். பௌதிகம் படிப்பித்தவன், இந்த வீட்டில் இருந்து உனக்காக விரதம் பிடித்தேன். ஆறரைக்குச் சூசைதாசன் வந்தார். மனைவியின் இடியப்ப உரல் கையில் இருந்தது.

"என்ன மாஸ்டர், சட்டியில புல்லு? மாடு வளக்கிறியளோ?"

நான் சட்டியைத் தள்ளி வைத்தேன்.

"வெளிக்கிடுங்கோ. ஸ்பெயினுக்குத்தான் போகேல்லை, தெருக்கோடிக்கும் போகமாட்டியளோ?"

வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியில் நிறையச் சனம் இருந்தது. சூசைதாசன் உரலைச் சூரியனுக்கு நேரே பிடித்தார். அதன் துளைகள் வழியே நூறு சின்னப் பிறைகள் என் வெள்ளைச் சேட்டில் விழுந்தன. "பாருங்கோ மாஸ்டர், இடியப்பம்" என்று பெரிதாகச் சிரித்தார். ஏழு பதின்மூன்றுக்கு இங்கே உச்சம். வெளிச்சம் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது.

நான் நின்றேன். நீ நின்ற இடத்தில் முழு மறைவு அதற்குப் பதினாறு நிமிடம் கழித்து. ஏழு இருபத்தொன்பதுக்கு மணிக்கூட்டைப் பார்த்து நூற்று நான்கு விநாடிகளையும் எண்ணினேன். நீ இருட்டில் தனியே நின்றாய். என் மேல் வெயில் இருந்தது.

எண்ணி முடித்தபோது "ரதீசன்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

"ஆர் அது?" என்று சூசைதாசன் கேட்டார்.

"என்ர மகன்" என்றேன். இருபது வருடப் பழக்கம், அவருக்கு அப்படி ஒருவன் இருந்தது தெரியாது. உரலைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். வீட்டுக்கு வரும்வரை பகிடி விடவில்லை.

இந்தக் கடிதம் நீ திரும்பி வரும்போது டூட்டிங்கில் இருக்கும். பதில் எழுதவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு திருத்தம் மட்டும். ஜூன் 28ஆம் திகதி, உன் பிள்ளைக்காகப் பயம் என்று எழுதினேன். அது பிழை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு அன்றும் தெரியும். தற்செயலாக ஏதும் நடந்தால் நீ என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குத்தான் பயந்தேன். அந்தப் பயத்தில் உன்னைத் தனியே போகவிட்டேன்.

அப்பா