மடிப்புக் குலையாத தோல்

அண்ணை,

போன ஞாயிற்றுக்கிழமை விட்பியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரத் தோலின் வாடை அடித்தது. எட்டிப் பார்த்தால், அவன் கையில் உங்கள் ஆட்டுத்தோல். நீங்கள் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிஸ்கற் தகரத்தில் போட்டு என்னிடம் தந்தீர்களே, அதே தோல். தகரத்தை அவன் வீட்டில்தான் வைத்திருந்தேன்.

"டேய், அதை ஏன்ரா எடுத்தனி?"

"உது கார் துடைக்கிற தோல்தானே அப்பா. எல்லாக் கடையிலயும் விக்கிறாங்கள்."

பறித்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஆனால் அவனில் என்ன பிழை? வளைகுடாவில் நீங்கள் அதை முதன்முதல் காட்டியபோது நானும், "உதென்ன அண்ணை, சப்பாத்துத் துடைக்கிறதோ?" என்றுதான் கேட்டேன்.

அங்கே விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பும் பகுதியில் இருவருக்கும் வேலை. வாசல் காவலுக்கு அந்த ஊர்க் கிழவர் ஒருவர் இருந்தார். பாதி அரபு, பாதி இந்தி, மிச்சம் கையால் பேசுவார். அந்தப் பாலைவனத்தில் முதல் விமானங்கள் இறங்கிய காலத்தில் அவர் இளைஞர், பெற்றோல் ஊற்றும் கூலி. ஓடுபாதை என்று ஒன்று இல்லை. இறுகிய மணலில் கல் பொறுக்கி, பொறுக்கிய கல்லுக்கே சுண்ணாம்பு அடித்து வட்டமாக அடுக்கி வைப்பார்களாம். அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துத் தபால் விமானம் இறங்கும். ஒட்டகத்தில் தகரம் தகரமாகப் பெற்றோல் வரும். புனலில் இந்தத் தோலை விரித்து வடித்துத்தான் ஊற்றுவார்கள்.

நீங்கள் எனக்குச் செய்தே காட்டினீர்கள். அதே மாதிரி இன்னொரு தோலைப் பெற்றோலில் நனைத்து, தண்ணீர் கலந்த பெற்றோலை அதன் மேல் ஊற்றினீர்கள். பெற்றோல் கீழே இறங்கியது. தண்ணீர் முத்து முத்தாக மேலே நின்றது.

"பாத்தீரோ? தண்ணியும் மணலும் இதைத் தாண்டாது."

பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். அந்தக் காலத்தில் ஒருநாள் காற்று எழும்பப் பார்க்கிறது என்று விமானிக்கு அவசரம். வடிக்க நேரமில்லை, நேரே ஊற்று என்றான். கிழவர் தோலை நீட்டினார். அவன் கையைத் தட்டிவிட்டான். ஊற்றினார்கள். மணல்மேட்டைத் தாண்டியதும் இயந்திரம் அடைத்து விமானம் விழுந்தது. கால் முறிந்து உயிர் தப்பிய விமானி, தன் கண் முன்னால்தான் வடித்தார்கள், கூலிக்காரன் ஒழுங்காக வடிக்கவில்லை என்றான். வடிக்கவே விடவில்லை என்று காட்ட, கிழவர் மடிப்புக் குலையாத தோலைக் கொண்டுபோய் அதிகாரி முன் வைத்தார். அதை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே வேலை போய்விட்டது. பெற்றோலைக் கெடுத்தவன் என்ற பெயர் சாகும்வரை போகவில்லை.

எழுதுவேன் என்று அவருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்துத் தோலை வாங்கிக்கொண்டீர்கள். ரொறன்ரோ வந்த பிறகு, மல்வேர்ன் மாடிவீட்டில், இரண்டு வேலைக்கு நடுவில் எத்தனை முறை எழுதத் தொடங்கிக் கிழித்தீர்கள்! கேட்டால், "எழுதினா முழுக்க எழுதோணும். பாதி எழுதிறதெண்டா பேசாம இருக்கலாம்" என்பீர்கள்.

எட்டாம் வகுப்போடு நின்ற நான் எழுதினேன், அண்ணை. மூன்று குளிர்காலம் நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து படித்தேன். விமானிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்றுகூட இருக்கிறது. கல் பொறுக்கியவனும் பெற்றோல் ஊற்றியவனும் நான் படித்த ஒரு புத்தகத்திலும் இல்லை.

நம் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரையைக் கொடுத்தேன். மலரைத் தொகுக்கும் மாஸ்ரர் தொலைபேசியில் அழைத்தார்.

"அருமையா இருக்கு அண்ணை. அந்த விபத்துப் பந்தியை மட்டும் எடுத்துவிடுவம். ஆதாரம் இல்லையே."

"தோல் இருக்கு. அண்டைக்கு அது நனையேல்லை."

"பெற்றோல் காய்ஞ்சிருக்குமே?"

"பெற்றோல் காயும் மாஸ்ரர். இயந்திரத்தை அடைச்ச தண்ணியும் மணலும் எங்க போகும்? வடிச்சிருந்தா அது ரெண்டும் தோலிலயல்லோ நிண்டிருக்கும்?"

மாஸ்ரர் வேறு பக்கத்தால் வந்தார்.

"எப்பவோ வயது போய்ச் செத்த விமானியில பழி போட எங்களுக்கு என்ன உரிமை அண்ணை?"

"செத்த கிழவனில கிடக்கிற பழியை ஆர் எடுக்கிறது?"

"பிடிவாதம் பிடிக்காதேங்கோ. பந்தி இல்லாட்டிக் கட்டுரை வரும்."

"பந்தி இல்லாட்டிக் கட்டுரையும் இல்லை."

மலரில் அது வரவில்லை. வராவிட்டால் போகட்டும். என்னைப் படிக்காதவன் என்று ஒதுக்கியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதற்காக நான் எதையும் பாதியில் விட்டதில்லை.

கையால் எழுதியதை மகனிடம் கொடுத்து நாற்பது பிரதி எடுக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டு வந்தவன் காரை விட்டு இறங்காமல் ஒரு பிரதியை முழுக்கப் படித்தான்.

"சொறி அப்பா. தெரிஞ்சிருந்தா அதில கை வைச்சிருக்க மாட்டன்."

இன்று பின்னேரம் மலர் வெளியீடு. மண்டப வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பேன். மாஸ்ரருக்கு முதல் பிரதி. யாரும் நம்பாவிட்டால் தோலை எடுத்து நீட்டுவேன். அன்று அதிகாரி தொடாததை இவர்களாவது தொட்டுப் பார்க்கட்டும்.

மகன் நனைத்த தோலை வெயிலிலோ ஹீற்றரிலோ போடவில்லை, அண்ணை. நிலக்கீழ் அறையில் துவாயில் விரித்து, ஐந்து நாள் புரட்டிப் புரட்டி வைத்தேன். இப்போது கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பழைய மடிப்பிலேயே மடித்து, கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறேன்.