இடது மூலை விரிசல்

மார்ச் 3, செவ்வாய்

கேட்காமலே அவர் காபி போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் வீட்டில் ஏதோ ஒன்று உடைந்திருந்தது.

இன்று உடைந்திருப்பது என் மடிக்கணினியின் திரை. காலை ஆறரைக்கு மூடியைத் தூக்கினேன். இடது கீழ் மூலையில் கிளம்பிய விரிசல் கிளை கிளையாகப் பிரிந்து நடுவரை வந்திருந்தது. மீதிப் பாதி கறுப்பு. நேற்று மாலை மூடி வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி நான்.

பன்னிரண்டாம் தேதி, வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் தேர்வு. ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கல்லூரி. தலைமை நூலகர் வேலை. பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் தேர்ந்தெடுத்த புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வந்திருக்கும் ஒரே அழைப்பு. பதிவு செய்த கணினியில்தான் எழுத வேண்டும். இனி மாற்ற முடியாது. டிவியில் இணைத்து எழுதலாமென்றால், இரண்டாவது திரையைக் கண்டதும் அந்த மென்பொருள் நம்மைத் திருடர் என்று முடிவு கட்டிவிடுமாம். எனக்குப் பிடித்துப்போய்விட்டது அந்த மென்பொருளை.

மார்ச் 4, புதன்

பழுது பார்க்கும் கடைக்குக் கிளம்பும்போது, "பத்து நாள்தானே, குடுத்துட்டு வா," என்றார்.

கடைக்காரர் மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பத்து நாள் ஆகும்க்கா," என்றார்.

கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்பே இவருக்குப் பத்து நாள் என்று எப்படித் தெரியும்?

"நானே மாத்திக்கறேன்," என்று வாங்கிக்கொண்டேன்.

"தாராளமா மாத்துங்கக்கா. மாத்திட்டு இங்கதானே வரப்போறீங்க. ஞாயித்துக்கிழமை லீவு."

மார்ச் 5, வியாழன்

போனில், திரை மாற்றும் செய்முறை வீடியோ. முகம் தெரியாத இரண்டு கைகள் மட்டும் வருகின்றன. முகத்தைக் காட்டாதவரை எப்படி நம்புவது? ஆனால் நகங்கள் சுத்தமாக இருந்தன. நம்பினேன்.

முதலில் அடிப்பக்கத்தைக் கழற்றி பேட்டரியின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம். காலாவதியான ஒரு நூலக உறுப்பினர் அட்டையை ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்பினேன்; டக், டக் என்று விட்டுக்கொடுத்தது. திரையின் முதுகில் ஒரு நீண்ட எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் புதியதை வாங்க வேண்டும். கணினியின் பெயரைச் சொல்லி வாங்கினால் வேறு ஏதோ வந்து சேருமாம். மூன்று முறை சரிபார்த்து இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டேன். திங்கட்கிழமை வரும்.

அவர் மூன்று முறை வாசற்படியில் வந்து நின்றார். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம். அளக்க வேறெதுவும் இல்லாமல் என்னை அளக்கிறார்.

"ஷாக் அடிக்கப் போகுது."

"பேட்டரியைக் கழட்டியாச்சு."

"அப்ப சரி."

முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். அல்லது அறை வெளிச்சம் அப்படி.

மார்ச் 7, சனி

அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வந்தாள். என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"போங்க அண்ணி. எங்கண்ணன் பல்பு மாத்தவே ஆள் கூப்பிடறவரு. உடைக்கணும்னாலும் ஆளைத்தான் கூப்பிடுவாரு."

அந்த நேரம் பார்த்து அவர் கூடத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"நீங்கதானே உடைச்சீங்க? நான் போகக் கூடாதுன்னுதானே? ஆமான்னு சொல்லிடுங்க, அதோட விட்டுடறேன்."

தங்கை முன்னாலேயே கேட்டுவிட்டேன். குரல் வேறு உயர்ந்துவிட்டது. நாத்தனார் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி," என்றார். உள்ளே போய்விட்டார்.

சரியா? அப்படின்னா என்ன? உடைச்சேங்கறாரா, என்னவோ சொல்லிக்கோங்கறாரா? முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டின மனுஷன், தன் பொண்டாட்டிகிட்ட ஒரு ஆமா, ஒரு இல்லை சொல்ல மாட்டாரா?

மார்ச் 8, ஞாயிறு

பேச்சில்லை. அவரே சமைத்தார். நன்றாக இருந்தது. சந்தேகம் கூடுகிறது.

மார்ச் 9, திங்கள்

அரை நாள் விடுப்பு. பார்சல் வந்தது. பெட்டியின் டேப் ஒரு ஓரத்தில் எழும்பியிருந்தது. யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பத்து நிமிஷம் கலங்கினேன். எண்ணை ஒப்பிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் அதேதான்.

நான்கு திருகுகளைக் கழற்றி, பழைய திரையை விசைப்பலகை மேல் குப்புறக் கிடத்தி, டேப்பை உரித்து கேபிளை உருவினேன். புதியதைச் செருகினேன். பேட்டரியை இணைத்து, பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பு.

விற்றவர், வீடியோக் கைகள், இவர் — மூன்று பேரையும் முறை வைத்துச் சந்தேகப்பட்டேன். பிறகு மறுபடி பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால், கேபிள் நுனி ஒரு மயிரிழை வெளியே நிற்கிறது. நான்தான் சரியாக அழுத்தவில்லை. அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. கத்திவிட்டேன் போலிருக்கிறது, அவர் ஓடி வந்தார்.

"வந்துடுச்சா," என்றார். போய்விட்டார்.

சட்டத்தை மாட்டும் முன்புதான் இடது கீலைக் கவனித்தேன். மடங்க மாட்டேன் என்று இறுகிக் கிடந்தது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வெடித்திருந்தது. பழைய திரையின் விரிசல் ஆரம்பித்ததும் சரியாக அதே இடத்தில்தான். வெடிப்புக்குள் தூசி. ஒரு வாரத் தூசி இல்லை. நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்குத் தூசியின் வயது தெரியும். ஒரு வருஷமாவது இருக்கும்.

ஒரு வருஷமாக அந்தக் கீல் இறுகி, ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் திரையை முறுக்கியிருக்கிறது. தினமும் வலது கையில் கோப்பையோடு, இடது கையால் மூடியின் இடது மேல் மூலையை மட்டும் பிடித்துத் தூக்குவது யார்?

வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

கீலை அரைச் சுற்றுத் தளர்த்தி, வெடிப்பில் பசை வைத்தேன். காயட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

கேட்டேன். "நீங்க உடைக்கல. நான்தான். அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

செய்தித்தாளை மடித்தார். நான்காக. எட்டாக.

"உடைக்கல. ஆனா உடைஞ்சிருக்குன்னு நீ சொன்னப்ப சந்தோஷமா இருந்துச்சு. நீ குளிக்கப் போனதும் கடைக்கு போன் பண்ணி எத்தனை நாள் ஆகும்னு கேட்டேன். பத்து நாள்னாரு. பன்னெண்டாம் தேதி தாண்டிடுமேன்னு அதுக்கும் சந்தோஷம். அப்புறம் எந்த வாயால இல்லைங்கறது?"

"நான் போறது பிடிக்கலையா?"

"நீ போனப்புறம் நான் இங்க தனியா என்ன பண்ணுவேன்னு நீ கேக்கவே இல்லையே."

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"கேட்டுட்டு நெனச்சிருக்கலாம்."

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் வருவார். கேட்டதற்காகத்தான் வந்தாரோ என்று ஆயுள் முழுக்கச் சந்தேகப்படுவேன். என்னை எனக்குத் தெரியாதா. கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன், அது வேறு. நாத்தனாருக்கும் போன் செய்து சொன்னேன். "அப்பவே சொன்னேன்ல அண்ணி," என்றாள் நான்கு முறை.

மார்ச் 12, வியாழன்

மூன்று மணி நேரம். திரை அணையவில்லை. நான்தான் இரண்டு கேள்விகளில் தடுமாறினேன். அவர் காலையிலேயே அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து தட்டக் கூடாதாம். வந்தவள் நாத்தனார் மட்டும். திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. மே நான்காம் தேதி சேர வேண்டும். "நல்லது," என்றார். முகத்தை வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஜூன் 13, சனி

வந்து ஆறு வாரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார், திங்கள் காலை ரயிலில் திரும்பிவிடுகிறார். இந்த ஊர் எப்படி என்று கேட்டால், "பரவாயில்ல," என்பார்.

இன்று கொண்டு வந்த பை பெரியது. அவர் குளிக்கப் போனதும் திறந்து பார்த்தேன். பழக்கம். பதினோரு சட்டைகள். எல்லா மருந்துகளும், இரண்டு மாதத்துக்கு. சதுரங்கப் பலகை. திரும்பிப் போக டிக்கெட் இருக்கிறதா என்று பையின் எல்லா உள்ளறைகளிலும் கைவிட்டுத் தேடினேன். இல்லை.

பையை இருந்தது போலவே மூடி வைத்தேன். அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் காலித் தட்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பையைத் திறந்தியா?"

"இல்லையே."

நம்பவில்லை போலிருக்கிறது. சட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.