குழாயடிச் சுவர்

மார்ச் 4

குழாயடிக் கூரையிலிருந்து இன்னொரு துண்டு விழுந்தது, எதிர்வீட்டு ரேடியோ அக்காவின் தோளில். வாயை மூடவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். தோள் வலியைவிட வாளி நசுங்கியதுதான் அவளுக்கு ஆற்றாமை. நகராட்சிக்குப் போனேன். பராமரிப்புக்கு நிதி இல்லை — அதே பதில். வெளியே அறிவிப்புப் பலகையில் பார்த்தேன்: உள்ளூர் மரபைக் காத்துக் கொண்டாடும் மக்கள் திட்டங்களுக்கு நிதியுதவி. தலைமேல் விழும் கூரைக்குக் காசு இல்லை, மரபுக்கு இருக்கிறது. சரி, கூரையையும் மரபில் சேர்த்துவிட்டால் போகிறது.

மார்ச் 9

மரபுக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? குழாய்க்குப் பின்சுவரில் வீட்டுக்கொரு படம் இருக்கிறது. செங்கல் துண்டால் வரைந்தது, மங்க மங்க மேலேயே வரைந்து தடித்துப்போனது. ரேடியோ அக்காவுக்குக் குடை, தையல்காரர் வீட்டுக்குக் கத்தரி, எங்களுக்குச் சீப்பு. இந்தத் தெருக்காரர்கள் ஆலை வேலைக்கு நாலா பக்கமிருந்தும் வந்தவர்கள். ஒருவர் எழுத்து இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் படம். முறைக்கென்று ஒரு கல். எந்தப் படத்தின் கீழே அது இருக்கிறதோ, அந்த வீடு அன்றைக்கு முதலில் தண்ணீர் பிடிக்கும். மறுநாள் கல் அடுத்த படத்துக்கு நகரும். ஆலை மூடிய பிறகும் கல் நிற்கவில்லை. இதையெல்லாம் எழுதி, இந்தச் சுவரைக் காக்கக் கூரை வேண்டும் என்று விண்ணப்பித்தேன். அம்மா சிரித்தாள். "தண்ணிச் சண்டைக்கெல்லாமாடி காசு குடுப்பாங்க?"

மார்ச் 27

நிதி அதிகாரி வந்தார். சுவர் முன்னால் நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. புகைப்படம் எடுத்துத் தள்ளினார். கூரை, வடிகால், விளக்கு எல்லாவற்றுக்கும் சரி என்றார். அம்மா தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமை பேசினாள். இது புதுசு.

ஏப்ரல் 2

நிபந்தனை வந்துவிட்டது. ஈரம் பட்டால் படங்கள் போய்விடுமாம். குழாயை மூடிவிட்டு, சுவருக்குக் கண்ணாடி போட வேண்டுமாம். தண்ணீருக்கு என்ன செய்வது என்று அதிகாரியிடம் கேட்டேன். மூன்று தெரு தள்ளி ஒரு குழாய் இருக்கிறதே என்றார், அன்பாக. ரெண்டு வாளி தூக்கிட்டு நடந்து பாருய்யான்னு வாய்வரைக்கும் வந்துச்சு. வீட்டுக்குள் குழாய் இல்லாத தெரு என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அதையும் மரபு என்று எடுத்துக்கொண்டார் போல.

ஏப்ரல் 3

அம்மாவிடம் சொன்னேன். இரும்பு பிரஷ் எங்கே என்று கேட்டாள்.

ஏப்ரல் 5

காலையில் போனால், அம்மா இரும்பு பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சீப்பு பாதி போய்விட்டது. கையைப் பிடித்தேன். உதறினாள்.

"சுவத்துல ஒண்ணுமே இல்லேன்னா குழாயை எதுக்குடி மூடுவான்?"

ரேடியோ அக்கா வாயே திறக்காமல் பிரஷ்ஷை வாங்கிக் குடையைத் தேய்த்தாள். அப்புறம் தையல்காரர் மனைவி. ஒவ்வொருத்தியாக. எத்தனை வருஷத்துச் சுவர், இப்படியா — யாரும் அழல, நான்தான் அழுதேன். அந்த ஆளு மாதிரியேதான் நானும் நின்னிருக்கேன், இல்ல?

ஏப்ரல் 11

சுவரில் படமே இல்லை என்று கேள்விப்பட்டு அதிகாரி போன் செய்தார். குரலில் துக்கம். அந்த நிதி ஆலை முதலாளியின் பழைய பங்களாவுக்குப் போகிறதாம். போகட்டும். அங்கே வாளியோடு குறுக்கே நிற்க யாரும் இல்லை. எங்கள் படங்கள் அவர் கேமராவில் இருக்கின்றன. அதையும் வைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 12

படம் இல்லாத நாட்களிலும் கல் சரியாகவே நகர்ந்திருக்கிறது. ஒருவரும் இடம் மாற்றி வைக்கவில்லை.

"ஆள் போயாச்சுல்ல?" என்று கேட்டுவிட்டு அம்மா செங்கல் துண்டைத் தேடி எங்கள் சீப்பை வரைந்தாள். ரேடியோ அக்கா வரைந்த குடை பழையதைப் போல இரண்டு மடங்கு. "கூரையே வேணாம், இவ குடை ஒண்ணு போதும்" என்றாள் அம்மா.

நாளைக்குத் தெருவே நகராட்சிக்குப் போகிறது, நசுங்கிய வாளியோடு. கூரையைக் கூரை என்றே கேட்கப்போகிறோம். நாளைக்குக் கல் எங்கள் சீப்பின் கீழே வரும். முதலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.